கப்பலில் எந்த அறை எடுப்பது? பினாங்கிலிருந்து முதன்முறை போகிறவர்களுக்கு

விடியற்காலை ஐந்தரை மணி. தலைக்கு மேலே யாரோ கனமான நாற்காலியைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போகிறார். அது நின்றதும் அடுத்தது. "மேல் வீட்டுக்காரங்க குடி மாறுறாங்களா?" என்று போர்வைக்குள்ளிருந்து அம்மா கேட்டார். நாங்கள் இருந்தது கப்பலில். மேலே இருந்தது நீச்சல் குளம். ஆட்கள் வருவதற்குள் சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைப்பது அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளின் காலைக் கடமை. மூன்று நாளும் இதே கச்சேரிதான்.

எங்கள் குடும்பத்தின் முதல் உல்லாசக் கப்பல் பயணம் அது. "பால்கனி எடுங்க, மேல் டெக் எடுங்க, வியூ நல்லா இருக்கும்" என்று ஏஜென்ட் சொன்னார். டெக் என்றால் கப்பலின் மாடி. நானும் கூடுதலாகப் பணம் கட்டி எடுத்தேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அறையோ கப்பலின் பின்கோடியில். லிஃப்ட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காசு கொட்டிக் கொடுத்த பால்கனியில் மூன்று நாளும் சேர்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அதிகம். வெளியே போனால் வியர்வை கொட்டியது.

அதற்குப் பிறகு நான்கு தடவை போயாகிவிட்டது. இப்போது சொந்தக்காரர்கள் கப்பல் பதிவு செய்யும்போது முதலில் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "உள் அறையா, பால்கனியா?" நான் திருப்பிக் கேட்பது: "அறை நம்பர் என்ன?" அறையின் வகையைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம் போதும். அந்த அறை கப்பலில் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கத்தான் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்க வேண்டும்.

முதலில் ஆட்களைப் பாருங்கள்

யார் யார் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வயது, முழங்கால், தூக்கம், குறட்டை எல்லாம் சேர்த்து. சிரிக்காதீர்கள், குறட்டை முக்கியம். கப்பல் அறை ஓட்டல் அறை போல இருக்காது. சாதாரண உள் அறை 150 முதல் 180 சதுர அடிக்குள் முடிந்துவிடும், குளியலறையும் சேர்த்து. கட்டிலைச் சுற்றி ஒருவர் போகும்போது இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். துணிகளை எடுத்துவிட்டுப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். அதற்கு இடம் விட்டிருப்பார்கள்.

கட்டணம் பெரும்பாலும் 'ஓர் அறைக்கு இரண்டு பேர்' என்ற கணக்கில் வரும். விளம்பரத்தில் தெரிகிற விலை ஓர் ஆளுக்கானது. மூன்றாவது, நான்காவது ஆளுக்கு விலை குறையும். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது சோபாவை விரித்த படுக்கையோ, கூரையிலிருந்து இறங்கும் தொட்டில் படுக்கையோதான். தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் இரண்டு பேர் கட்டணத்தையும், அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவாகவும், கட்ட வேண்டியிருக்கும். துறைமுக வரியும் ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று வரும் டிப்ஸும் தனி. அவை உள் அறைக்கும் பால்கனிக்கும் பொதுவாக ஒன்றுதான். ஸூட் என்கிற பெரிய சொகுசு அறைக்கு டிப்ஸ் கூடும். ஆகவே இரண்டு வகைகளை ஒப்பிடும்போது கடைசித் தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

நான்கு வகை, நான்கு விதமான ஏமாற்றம்

*உள் அறை.* ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கையை முகத்துக்கு நேரே நீட்டினாலும் தெரியாது. சிலருக்கு இது சொர்க்கம். என் தம்பி காலை பத்து மணிவரை தூங்கிப் பசியாறலையே கோட்டை விட்டான். சிலருக்கு மூச்சு முட்டும். எம்ஆர்ஐ எடுக்கும்போது பயந்தவர்கள், லிஃப்ட்டில் தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் இதை எடுக்க வேண்டாம். ஒரு சின்ன உத்தி: பல கப்பல்களின் தொலைக்காட்சியில் கப்பலின் முன்பக்கத்தைக் காட்டும் கேமரா சானல் ஒன்று இருக்கும். சத்தத்தை அணைத்து அதை மட்டும் ஓட விட்டால் விடிந்துவிட்டதா என்று தெரியும். இரவில் விடிவிளக்குக்கும் ஆகும். 2014-இல் வந்த குவாண்டம் ஆஃப் தி சீஸ் போன்ற ராயல் கரீபியன் கப்பல்களில் இதையே பெரிதாகச் செய்து, உள் அறைச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை திரை வைத்து வெளிக்கடலை நேரலையாகக் காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

*ஜன்னல் அறை.* கடல் தெரியும், ஜன்னல் திறக்காது. பெரும்பாலும் கீழ் டெக்குகளில் இருக்கும். கப்பல் ஆடினால் தலை சுற்றுகிறவர்களுக்கு இது நல்லது: தூரத்தில் அசையாமல் நிற்கும் தொடுவானத்தைக் கண் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் குறையும். ஆனால் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சில கப்பல்களில் 'ஜன்னல்' உள்ளே இருக்கும் கடைத்தெருவைப் பார்க்கும். வாயேஜர் ஆஃப் தி சீஸ், மரைனர் ஆஃப் தி சீஸ் இரண்டிலும் அப்படிப்பட்ட அறைகள் உண்டு. கீழே ஆட்கள் காபி குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், கடல் தெரியாது. இன்னொன்று 'பார்வை மறைப்பு' அறை. விலை குறைவாக இருக்கும். ஜன்னலுக்கு நேரே ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்புப் படகு தொங்கும். எங்கள் இரண்டாவது பயணத்தில் அப்படி ஒன்று கிடைத்தது. அம்மா படகைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லதா போச்சு, ஏதாச்சும் ஒண்ணுன்னா நாமதான் முதல்ல ஏறுவோம்." வெளிச்சம் வந்தால் போதும், கடல் தெரியாவிட்டால் பரவாயில்லை என்கிறவர்களுக்கு அந்த அறை லாபம்தான்.

*பால்கனி.* படத்தில் பார்க்கும்போது மனசு அங்கேயே போய் உட்கார்ந்துவிடும். ஆனால் அந்தப் படங்களில் பாதி அலாஸ்காவிலும் மத்தியதரைக் கடலிலும் எடுத்தவை. நாம் போவது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், மலாக்கா நீரிணையில். காலை ஒன்பதரைக்கு மேல் மாலை ஆறுவரை பால்கனி என்பது துணி காயப்போடும் இடம் மாதிரிச் சுடும். (துணி காயப்போடக் கூடாது, காற்று கொண்டுபோய்விடும், கப்பலிலும் திட்டுவார்கள்.) கதவைத் திறந்து வைத்தால் பல கப்பல்களில் குளிர்சாதனம் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடத்தில் அறைக் கண்ணாடியெல்லாம் நீர் பூத்துவிடும். கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினால் லென்ஸும் அதே கதிதான்.

அப்படியென்றால் பால்கனி வேண்டாமா? வேண்டும், யாருக்கென்றால்: நம் பக்கம் சூரியன் எழும் ஏழு மணிக்கு முன்பே, ஆறரைக்கே எழுந்து காபியோடு உட்காருகிறவர்கள், கூட்டம் ஒத்துவராத பெரியவர்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டிய தாய்மார்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். இவர்களுக்குப் போட்ட பணம் வீணாகாது. ஓடியாடும் மூன்று வயதுப் பிள்ளை இருந்தால் நான் எடுக்க மாட்டேன். கைப்பிடிச் சுவர் உயரமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஒரு நாற்காலியும் இருக்குமே.

*ஸூட்.* மூன்று இரவுக்குப் பெரும்பாலோருக்கு இது தேவையில்லை. அறுபதாம் கல்யாணம் மாதிரி ஏதாவது விசேஷம் என்றால் வேறு கணக்கு. கெந்திங் ட்ரீம் கப்பலில் 'தி பேலஸ்' என்று ஸூட்காரர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. தனிச் சாப்பாட்டுக்கூடம், தனிக் குளம், பணிவிடைக்கு ஆள். 'மினி ஸூட்', 'ஜூனியர் ஸூட்' என்ற பெயரில் விற்பவை பல நேரம் கொஞ்சம் பெரிய பால்கனி அறைகள்தான். ஸூட் சலுகைகள் அதற்கும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போகும் கடலைப் பாருங்கள்

"கப்பல் ஆடுமா?" என்று பயந்து நடு டெக் அறைக்கு அதிகம் கொடுக்கிறவர்கள் நம்மவர்களில் நிறைய. நீங்கள் எந்தக் கடலில், எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

சிங்கப்பூர், கிள்ளான் துறைமுகம், பினாங்கு என்று மலாக்கா நீரிணைக்குள்ளேயே சுற்றி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மேற்கே சுமத்ரா தீவு மதில்போல் நின்று இந்தியப் பெருங்கடலின் அலையைத் தடுத்துவிடுகிறது. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் விடியற்காலையில் 'சுமத்ரா' என்று நாம் சொல்லும் திடீர்ப் புயற்காற்று வரும். பெரிய கப்பல் அதைச் சட்டை செய்யாது. பால்கனி நாற்காலி நனையும், அவ்வளவுதான்.

பினாங்கைத் தாண்டி வடக்கே புக்கெட் போனால் சுமத்ராவின் காவல் முடிந்துவிடுகிறது. அது அந்தமான் கடல். மே முதல் அக்டோபர்வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அங்கே அலை எழும். சிங்கப்பூரிலிருந்து வியட்நாம் பக்கம் போகிறவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரிவரை தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று. இந்த இரண்டு இடத்திலும் இந்த மாதங்களில் அறையின் இடத்துக்குக் காசு கொடுப்பது நியாயம்.

ஏன் நடு, ஏன் கீழே? விளையாட்டுத் திடலில் ஏறி இறங்கும் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் ஏறி இறங்கும். நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. அலையைக் கப்பல் முன்னும் பின்னும் ஏறிக் கடக்கும்போது நடப்பது அதுதான். பக்கவாட்டில் சாயும்போது தென்னை மரத்தின் கணக்கு: அடியில் அசைவில்லை, உச்சியில்தான் ஆட்டம். ஆகவே தலைசுற்றல்காரருக்கு நடுப்பகுதி, கீழ் டெக். மேல் டெக்கில் முன்முனையில் இருக்கும் பால்கனி அறை படத்தில் அழகு. அவருக்கு அது தண்டனை.

டெக் பிளானை வீட்டு மனை பார்ப்பதுபோல் பாருங்கள்

இதுதான் அதிக நேரம் எடுக்க வேண்டிய வேலை. கப்பல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஒவ்வொரு டெக்குக்கும் வரைபடம் இருக்கும். ஏஜென்டிடம் பதிவு செய்தாலும், மாட்டா பயணக் கண்காட்சியில் கூட்டத்துக்கு நடுவில் நின்று முன்பணம் கட்டினாலும், "அறை நம்பர் சொல்லுங்க, வீட்ல போய் பார்த்துட்டு உறுதி பண்றேன்" என்று சொல்லுங்கள். முகம் கொஞ்சம் மாறும். பரவாயில்லை.

அறை எண்ணின் முதல் ஒன்று அல்லது இரண்டு இலக்கம் டெக்கைக் குறிக்கும். 9-இல் தொடங்கும் நான்கு இலக்க எண் என்றால் ஒன்பதாம் டெக். பல கப்பல்களில் ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம்.

வரைபடத்தில் உங்கள் அறை இருக்கும் இடத்தில் விரலை வையுங்கள். இப்போது மேல் டெக்கின் வரைபடத்துக்குப் போய் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு கீழ் டெக். மேலேயும் கீழேயும் பிற பயணிகளின் அறைகள்தான் இருக்கின்றன என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. மேலே நீச்சல் குளமும் பஃபே சாப்பாட்டுக்கூடமும் இருந்தால் நான் முதலில் சொன்ன நாற்காலிக் கச்சேரி. கீழே நாடகக் கொட்டகையோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவு தாண்டியும் 'தும் தும்' கட்டில்வழியாக ஏறி வரும். ஓடுபாதை மேலே இருந்தாலும் கவனம். காலை ஆறு மணிக்கு ஓடுகிறவர்கள் கப்பலிலும் உண்டு.

வரைபடத்தில் ஒன்றுமே எழுதாமல் வெள்ளையாக விட்ட இடங்கள் இருக்கும். அவை சும்மா கிடக்கும் இடங்கள் என்று நினைக்காதீர்கள். சமையலறை, சரக்கறை, ஊழியர்களின் படிக்கட்டு எல்லாம் அங்கேதான். அதற்கு ஒட்டிய அறையில் விடியற்காலையில் தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் கேட்கும்.

முன்முனைக் கீழ் டெக் அறைகளுக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. கப்பல் துறையை அணைக்கும்போது முன்பக்கம் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பக்கவாட்டு விசிறிகளைப் போடுவார்கள். கட்டில் மெல்ல நடுங்கும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் ஆட்களை இறக்குவது வழக்கம். அந்த நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருப்பவர் எவரும் இல்லை. பின்முனை அறைகளில் எஞ்சின் அதிர்வு கொஞ்சம் தெரியும். ஆனால் அங்கே பால்கனி கிடைத்தால் கப்பல் விட்டுப்போகும் வெள்ளை நுரைத்தடம் நீண்டுகொண்டே போவதைப் பார்க்கலாம். எனக்கு அது பிடிக்கும். நானே போனால் அதை எடுப்பேன், அம்மாவோடு போனால் மாட்டேன்.

காரணம் நடை. கெந்திங் ட்ரீம் 335 மீட்டர் நீளம். பினாங்கில் இருக்கும் நம் கொம்தார் கோபுரத்தைப் படுக்கப் போட்டாலும் அந்த நீளம் வராது. சாப்பாட்டுக்கூடம் பின்கோடி, அரங்கு முன்கோடி என்று இருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை கொம்தார் நடக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வந்தால் லிஃப்ட்டிலிருந்து ஐந்தாறு கதவு தள்ளி இருக்கும் அறையைப் பிடியுங்கள். லிஃப்ட்டை ஒட்டியே வேண்டாம்; இரவு பன்னிரண்டுக்குச் சிரித்துக்கொண்டே வருகிறவர்கள் அங்கேதான் நின்று விடைபெறுவார்கள்.

சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர்களுக்கென்றே தனி அறைகள் உண்டு: அகலமான கதவு, படியில்லாத குளியலறை, பிடித்துக்கொள்ளக் கம்பி. எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் போய்விடும். சாதாரண அறையில் குளியலறை வாசலில் கையகல உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும். அம்மா முதல் இரவே அதில் இடறினார். நல்லவேளை, கதவுப் பிடி கைக்கு எட்டியது. முழங்கால் வலிக்காரர் இருந்தால் இந்தத் தடுப்பைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள்.

வலமா, இடமா?

ஜன்னலோ பால்கனியோ எடுத்தால் மட்டும் இந்தக் கேள்வி. சிங்கப்பூரிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ பினாங்குக்கு வரும்போது கப்பல் வடமேற்காக ஏறும். முன்பக்கம் பார்த்து நின்றால் தீபகற்பம் வலக்கைப் பக்கம். அந்தி சாய்வது இடக்கைப் பக்கம். திரும்பிப் போகும்போது தலைகீழ். ஒரே பயணத்தில் ஏதோ ஒரு மாலை உங்கள் பக்கம் வரும் என்பதால் இதற்காகச் சண்டை போட வேண்டாம்.

ஆனால் பினாங்கு வருகைக்கு மட்டும் நான் வலப்பக்கம் கேட்பேன். 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையே முப்பது மீட்டர் வாக்கில்தான் இடைவெளி. இப்போதைய பெரிய உல்லாசக் கப்பல்கள் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு உயரம். பாலத்துக்கு அடியில் நுழைய வழியில்லை. அதனால் தீவை மேற்கே சுற்றிக்கொண்டு, வடக்கே முக்கா ஹெட்டைத் தாண்டி, பத்து ஃபெரிங்கி வழியாக வந்து வடக்கு வாயிலில் திரும்பி, கப்பல் அணையும் சுவெட்டன்ஹாம் துறைக்கு வருகிறது. இந்தச் சுற்று முழுக்கத் தீவு வலப்பக்கத்திலேயே இருக்கும். முதலில் விளக்கில்லாத கறுப்பு மலை, பிறகு ஃபெரிங்கி ஓட்டல் வெளிச்சங்கள், குர்னி பக்கத்து அடுக்குமாடிகள், கடைசியில் கார்ன்வாலிஸ் கோட்டையும் மணிக்கூண்டும். ஐம்பது வருடமாகப் பார்த்த ஊர். கடலிலிருந்து பார்த்தபோது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "எங்க மாமியா ரஜூலால வந்தப்போ இப்படித்தான் பாத்திருப்பாங்க" என்றார்.

ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து ஆயிரக்கணக்கில் நம் ஆட்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அம்மாவின் மாமியார், என் அப்பாயி, நாகப்பட்டினத்தில் ஏறியவர். அவருக்கு அறை கிடையாது, டெக் டிக்கெட். பாயை விரித்த இடம்தான் அறை. தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கழிப்பறை எவ்வளவு தூரம், யார் பக்கத்தில் படுக்கிறார் என்று பார்த்து இடம் பிடித்தாராம். புகைக்குழாய்ப் பக்கம் போகாதே, கரி விழும் என்று முன்னால் வந்துபோன ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். இன்று நான் டெக் பிளானை விரித்துச் செய்வதும் ஏறக்குறைய அதேதான்.

குடும்பமாகப் போனால்

நான்கு பேரை ஒரே பால்கனி அறையில் அடைப்பதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. காலை எட்டு மணிக்கு இறங்க வேண்டும், குளியலறை ஒன்று. அந்த நேரத்தில் பால்கனியின் அழகை யாரும் பார்க்க மாட்டார்கள்.

விலை கேட்கும்போது இதையும் கேளுங்கள்: நடுவில் கதவு வைத்த இரண்டு உள் அறைகள் எவ்வளவு? பல நேரம் நான்கு பேர் பால்கனிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டு குளியலறை, இரண்டு தொலைக்காட்சி, குறட்டைக்குத் தனி அறை. எங்கள் வீட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது வேறொரு ஏற்பாடு: பெரியவர்களுக்கு ஒரு பால்கனி, நடைபாதைக்கு எதிர்ப்புறம் பிள்ளைகளுக்கு ஓர் உள் அறை. கடல் பார்க்க எல்லோரும் இங்கே, தூங்க அவரவர் இடத்துக்கு. ஆனால் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் தனி அறை கொடுக்க வயது விதி உண்டு. பதிவில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெரியவர் பெயரைப் போடச் சொல்வார்கள்.

நடுக்கதவு தேவைப்படாதவர்கள் அது வைத்த அறையைத் தவிர்ப்பது நல்லது. கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறையின் சண்டை முழுக்கக் கேட்கும். வரைபடத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சின்னக் குறி இருக்கும், அதுதான் நடுக்கதவு.

'கேரண்டி' அறை

எல்லாவற்றையும்விட மலிவாக ஒன்று கண்ணில் படும். வகையை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். எந்த அறை என்பதைக் கப்பல்காரர் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு முடிவு செய்வார். சில சமயம் ஒரு படி உயர்ந்த வகையே கிடைக்கும். பெரும்பாலும் யாரும் எடுக்காமல் மிச்சம் இருக்கும் அறை கிடைக்கும். ஏன் மிச்சம் இருந்தது என்பதற்கு மேலே சொன்னதெல்லாம் காரணம். இளவட்டங்கள், தூங்கக் கப்பல் ஏறாதவர்கள், தாராளமாக எடுக்கலாம். இரண்டு மூன்று அறை எடுக்கும் குடும்பம் எடுக்கக் கூடாது. ஒன்று ஐந்தாம் டெக் முன்கோடியிலும் மற்றது பன்னிரண்டாம் டெக் பின்கோடியிலும் விழும்.

கட்டிய பிறகு, வகையை உயர்த்த ஏலம் கேட்டு மின்னஞ்சல் வரலாம். ஆசைப்படும் முன் யோசியுங்கள்: ஏலத்தில் கிடைப்பது வகை, நீங்கள் தேடிப் பிடித்த அறை எண் கையை விட்டுப் போய்விடும். லிஃப்ட்டுக்குப் பக்கத்து உள் அறையைக் கொடுத்துவிட்டுக் குளத்துக்கு அடியில் பால்கனி வாங்கியவர் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்.

அறைக்குள் போன பிறகு

ஏறிய அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன், குளிர்சாதனம், கழிப்பறை, வெந்நீர், கதவுப் பூட்டு நான்கையும் பாருங்கள். குறை இருந்தால் அப்போதே வரவேற்பு மேசைக்குப் போங்கள். கப்பல் நிறைந்திருந்தால் மாற்ற அறை இருக்காது. பழுது பார்க்கவாவது வருவார்கள். இரண்டாம் நாள் மாலை போய்ச் சொன்னால் "சாரி" மட்டும் கிடைக்கும்.

காமாட்சி விளக்கு, ஊதுபத்தி, சூடம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டி, கேத்தல், குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். "ஒரு பத்திதானே" என்று கேட்ட சித்தப்பாவுக்கு அம்மாதான் பதில் சொன்னார். சென்னைக்கும் பினாங்குக்கும் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்ததை அவர் மறக்கவில்லை. நடுக்கடலில் தீ என்றால் ஓட இடமில்லை.

கொண்டுபோக வேண்டியது காந்தக் கொக்கி. அறைச் சுவரும் கதவும் பெரும்பாலும் இரும்பு. நாலைந்து கொக்கி ஒட்டினால் தொப்பி, சாவி அட்டை, ஈரத்துண்டு எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடும். வெளிக்கதவிலும் அடையாளத்துக்கு ஏதாவது காந்தப் படம் ஒட்டுங்கள். நடைபாதை முழுக்க ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே மாதிரிக் கம்பளம். முதல் நாள் எல்லோரும் அடுத்தவர் கதவில்தான் அட்டையைத் தேய்ப்பார்கள். நாங்கள் தண்ணிமலைக் கோயில் கடையில் வாங்கிய முருகன் படத்தை ஒட்டியிருந்தோம். மூன்றாம் நாள் காலை பக்கத்து அறை சீன அங்கிள் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டு நாளாக அந்த முருகனைப் பார்த்து, அதற்கு அடுத்த கதவு என்று எண்ணித்தான் தன் அறையைக் கண்டுபிடிக்கிறாராம். இறங்குவதற்கு முந்தின இரவு அதைக் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.